காடும் தோட்டமும் – வாசகர் கேள்வி பதில்: வில்லுக்கு 77 நாள், துப்பாக்கிக்கு 16 நாள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மானையும் மரையையும் பற்றியவை. வெளிநாட்டு உறவினர் சொன்னதைக் கேட்டுச் சந்தேகம் வந்தவர்கள் ஒரு பக்கம், ஒரே இரவில் லீக்ஸ் பாத்தி காலியானவர்கள் மறுபக்கம். இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: என் அக்கா மகன் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறார். அங்கே மான் வேட்டைக்குச் சட்டப்படியே காலம் ஒதுக்குகிறார்களாம். வில் வைத்திருப்பவருக்கு இரண்டரை மாதம், துப்பாக்கிக்காரருக்கு இரண்டு கிழமை சொச்சம்தானாம். இரண்டு பேரும் காசு கட்டித்தானே போகிறார்கள், ஏன் இந்த ஓரவஞ்சனை? – ஆசிரியை ஒருவர், ஹட்டன்

பதில்: அவர் சொன்ன கணக்குச் சரிதான். மிச்சிகனில் வில் வேட்டை ஒக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை, பிறகு டிசம்பர் 1 முதல் ஜனவரி 1 வரை. கூட்டினால் 77 நாள். நகரையொட்டிய சில மாவட்டங்களில் அது ஜனவரி முடியும்வரை நீளும். துப்பாக்கிக்கு நவம்பர் 15 முதல் 30 வரை, 16 நாள். குழலின் வாய் வழியாக வெடிமருந்து கிட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கிக்கு டிசம்பரில் தனியாகச் சில நாட்கள் உண்டு.

ஆனால் வில்காரரின் ஒரு நாளும் துப்பாக்கிக்காரரின் ஒரு நாளும் ஒன்றல்ல. கப்பி வைத்த இன்றைய வில்லில்கூட, மனச்சாட்சியுள்ள ஒருவர் 30, 40 மீற்றருக்கு அப்பால் அம்பு விடமாட்டார். அந்தத் தூரத்துக்கு மான் தானாக வரவேண்டும். அதற்காக மரத்தில் 15, 20 அடி உயரத்தில் பரண் கட்டி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, மணிக்கணக்காக அசையாமல் உட்காரவேண்டும். மான் வந்த பிறகும் நாணை இழுக்கும்போது கை அசைவது தெரிந்துவிட்டால் அன்றைய பொழுது போச்சு. தொலைநோக்கி பொருத்திய ரைஃபிள்காரருக்கு 200 மீற்றர் பெரிய தூரமே அல்ல. மான் அவரைக் காணவே வேண்டியதில்லை.

மான்களை நிர்வகிக்கும் அலுவலகம் பார்ப்பது வேட்டைக்காரரின் நாட்களை அல்ல, காட்டிலிருந்து வெளியேறும் மான்களை. விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு: 1,000 ரைஃபிள்காரர் போய் பத்துக்கு நாலு பேர் மான் எடுத்தால் 400 மான். 300 வில்காரர் போய் பத்துக்கு இரண்டு பேர் எடுத்தால் 60 மான். இரண்டாவது கூட்டத்துக்கு நாட்களை மூன்று மடங்காக்கினாலும் காடு பெரிதாக உணராது. முதல் கூட்டத்துக்கு ஒரு கிழமையைக் கூட்டினால் அடுத்த வருடம் தெரியும். தவிர, ஆளுக்கு எத்தனை மான் என்பதை லைசன்ஸோடு வரும் அட்டைதான் கட்டுப்படுத்துகிறது. அட்டை தீர்ந்தவருக்கு 77 நாள் இருந்தும் பயனில்லை.

எத்தனை நாள் என்பதைவிட, எந்த நாள் என்பதுதான் அங்கே உண்மையான சண்டை. வெள்ளைவால் மான் வடமாநிலங்களில் இணைசேர்வது நவம்பர் நடுப்பகுதியில். அந்த நாட்களில் கொம்பன் தன் வழக்கமான எச்சரிக்கையை மறந்து, பட்டப்பகலில் பிணையைத் தேடி அலையும். மிச்சிகன் அந்த நாட்களைத் துப்பாக்கிக்குக் கொடுத்திருக்கிறது. பென்சில்வேனியா மாறாக, நவம்பர் நாலாம் வியாழனில் வரும் நன்றி தெரிவிக்கும் நாள் கழிந்துதான் ரைஃபிளைத் திறக்கிறது. நெடுங்காலம் அது திங்கட்கிழமையாக இருந்தது, 2019இல் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அதற்குள் இணைசேரும் உச்சம் அநேகமாக முடிந்துவிடும், அந்தப் பருவத்தை அனுபவிப்பவர் வில்காரர். ஆகவே உங்கள் அக்கா மகனுக்குச் சொல்லுங்கள்: மிச்சிகன் துப்பாக்கிக்காரருக்கு இலையில் சோறு குறைவுதான், ஆனால் கறி முழுவதும் அவர் பக்கம்.

எங்களுக்கு உறுத்துவது வேறு இடம். தோட்டா அதிர்ச்சியாலும் கொல்லும். அம்பு இரத்தப்போக்கால் மட்டுமே கொல்லும். நுரையீரலில் சரியாகப் பட்ட மான்கூட நூறு மீற்றர் ஓடித்தான் விழும். அதனால் அம்பு விட்டவர் குறைந்தது அரை மணி நேரம் இருந்த இடத்தில் இருக்கவேண்டும் என்று பயிற்சி கொடுக்கிறார்கள். வயிற்றில் பட்டிருந்தால் ஆறு மணி நேரமாவது பொறுக்கவேண்டும். அவசரப்பட்டுத் துரத்தினால் படுத்திருந்த மான் எழுந்து போய்விடும், பிறகு கிடைக்காது. இதை நினைத்துத்தான் இங்கிலாந்து நேரெதிரான முடிவெடுத்தது. 1991ஆம் ஆண்டின் மான் சட்டப்படி அங்கே மானுக்கு அம்பு விடுவதே குற்றம். ரைஃபிள்தான் பிரதானம், அதுவும் 0.240 அங்குலத்துக்குக் குறையாத விட்டமும் 1,700 அடி-இறாத்தல் சக்தியும் கொண்டது. அமெரிக்காவில் வில்லாளிக்குச் சலுகை, இங்கிலாந்தில் வில்லாளி குற்றவாளி. இரண்டு நாடும் நியாயத்தைத்தான் பேசுகின்றன: ஒன்று மானுக்குத் தப்பும் வாய்ப்பைப் பார்க்கிறது, மற்றது மான் சாகும் வேகத்தைப் பார்க்கிறது.

கேள்வி: குறுக்குவில் என்று ஒன்று இருக்கிறதே, அது வில்லா துப்பாக்கியா? – இளைஞர் ஒருவர், பண்டாரவளை

பதில்: அந்த நாட்டிலேயே இன்னும் முடிவாகாத வழக்கு. நாண் இருப்பதால் வில். விசை, தண்டு, தொலைநோக்கி இருப்பதால் துப்பாக்கி. முக்கியமான வேறுபாடு, மான் முன்னால் நிற்கும்போது நாணை இழுக்கவேண்டியதில்லை. முன்பே இழுத்துப் பூட்டிவைத்துவிட்டு விசையைத் தட்டினால் போதும். சாதாரண வில்லுக்கு மாதக்கணக்கில் பழகவேண்டியதை இதில் சில நாட்களில் பழகிவிடலாம். கனடாவின் ஒண்டாரியோவில் இது வில் கணக்கு. மிச்சிகனும் பென்சில்வேனியாவும் 2009இல் வில் காலத்துக்குள் பரவலாக அனுமதித்தன, விஸ்கொன்சின் 2014இல். ஒரிகனில் வேட்டைக்கு அறவே கூடாது. தோள் வலியுள்ளவருக்கும் வயதானவருக்கும் கொடுப்பதில் குறையில்லை. எல்லாருக்கும் கொடுத்துவிட்டு நாட்களை மட்டும் பழைய வில்லுக்கு வைத்த அளவிலேயே விட்டால், முன்பு சொன்ன கணக்கு உதைக்கும்.

கேள்வி: மருந்து கிட்டிக்கும் துப்பாக்கிக்கு அங்கே தனிக் காலம் என்கிறீர்கள். நம் பக்கத்தில் கள்ளமாகச் செய்யும் நாட்டுத் துப்பாக்கியான கல்கட்டாஸும் அதுவும் ஒன்றுதானே? – வாசகர், ராகலை

பதில்: வேலை செய்யும் முறையில் உறவு உண்டு, மற்றபடி இல்லை. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கோலால் கிட்டிப்பது இரண்டுக்கும் பொது. பென்சில்வேனியாவில் கிறிஸ்மஸ் கழிந்த மறுநாள் ஒரு காலம் தொடங்கும், தீக்கல் துப்பாக்கிக்கு மட்டும். சுத்தியலில் பூட்டிய கல் உருக்குத் தகட்டில் உரசும். பொறி கீழே கிண்ணியிலுள்ள தூள்மருந்தில் விழும். அந்த நெருப்பு ஒரு சிறு துளை வழியாக உள்ளே போய்ப் பிரதான மருந்தைப் பற்றவைக்கும். முகத்துக்கு முன்னால் குப்பென்று எரிந்து, ஒரு கணம் கழித்தே குண்டு போகும். அந்த ஒரு கணத்தில் கண்ணை மூடுபவர் குறியைத் தவறவிடுவார். கருமருந்து ஈரத்தை இழுக்கும் சரக்கு. மூடுபனியில் கிண்ணி நனைந்தால் எரியாது. கிண்ணி எரிந்தும் துளை அடைபட்டிருந்தால் உள்ளே பிடிக்காது. குண்டு போனாலும் மறு குண்டுக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். இத்தனை சிரமத்துக்கும் ஈடாகத்தான் தனி நாட்கள்.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது 1985இல் சந்தைக்கு வந்த புது வடிவம். மருந்துக்கு நேர்பின்னால், அடித்ததும் நெருப்பு விடும் பற்றுக்குப்பி, பிளாஸ்டிக் உறையில் நவீன குண்டு, மேலே தொலைநோக்கி. பெயர் பழையது, அடி ரைஃபிளுக்குக் கிட்ட. கொலராடோ மாநிலம் இதைச் சரியாகப் பிடித்தது: அந்தக் காலத்தில் தொலைநோக்கியும் கூடாது, பிளாஸ்டிக் உறைக் குண்டும் கூடாது, வில்லையாக அழுத்திய மருந்தும் கூடாது. நாட்களைச் சலுகையாகக் கொடுத்தால் கருவியையும் இப்படிக் கட்டவேண்டும் என்பதே எங்கள் கட்சி.

கல்கட்டாஸ் வேறு கதை. அழுத்தம் தாங்கும் என்று யாரும் சோதித்துப் பார்க்காத குழாய், அளவில்லாத மருந்து. குழாய் பிளந்தால் முதலில் போவது பிடித்தவரின் கை, அடுத்தது கண். அனுமதிப்பத்திரம் இல்லாததால் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி வைத்திருப்பதே குற்றம். அதையே கயிறு கட்டி மிருகத்தின் தடத்தில் வைத்தால் கட்டுத்துவக்கு. கொழுந்து மலைக்குக் குறுக்குவழியில் நடப்பவரின் காலும் மரையின் காலும் அதற்கு ஒன்றுதான்.

கேள்வி: ஹோட்டன் சமவெளியில் மரைகள் மந்தையாக நிற்கின்றன. அமெரிக்காவைப்போல் இங்கும் ஒரு மாதம் திறந்துவிட்டால் என்ன? – க.பொ.த. உயர்தர மாணவர், நானுஓயா

பதில்: திறந்துவைத்துப் பார்த்த நாடுதான் இது. பிரித்தானியர் காலத்தில் நுவரெலியாவைச் சுற்றிய மலைகளில் சாமுவேல் பேக்கர் போன்றவர்கள் மரையை நாய்க்கூட்டத்தால் மடக்கிக் கத்தியால் குத்தினார்கள், அதற்கு விளையாட்டு என்று பெயர். 1872இல் வேட்டைக்கு மூடுகாலமும் லைசன்ஸும் கொண்டுவரும் சட்டம் வந்தது. 1894இல் தோட்டத்துரைமாரும் வேட்டைப் பிரியர்களும் சேர்ந்து வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். இன்றைய வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் தாய்ச்சங்கம் அதுதான். ஆயுத வாரியான ஓரவஞ்சனைக்கு அமெரிக்காவரை போகத் தேவையில்லை: துரையின் ரைஃபிள் கண்ணியமான வேட்டை, கிராமத்தவரின் கண்ணியும் குழியும் வலையும் ஈனத்தனம் என்பதுதான் அன்றைய பார்வை. மிருகம் குறைந்ததில் ரைஃபிளின் பங்கு சிறிதல்ல.

1937இல் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. அமெரிக்காவும் அதே 1937இல்தான், நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் ஏற்கனவே இருந்த வரியின் பணத்தை வனவிலங்குக்கென்று ஒதுக்கிச் சட்டம் செய்தது. வில்லும் அம்பும் அந்த வரிக்குள் வந்தது 1970களில். ஒரே ஆண்டு, இரண்டு பாதை. அங்கே வேட்டைக்காரர் காசில் மான் பெருகியது. இங்கே இன்று மரை, புள்ளிமான், கேளையாடு, சருகுமான் எல்லாமே சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன, எந்த மாதத்திலும் எந்த ஆயுதத்தாலும் தொடக்கூடாது.

மாதம் ஒதுக்குவதற்கு உயிரியல் தடையும் உண்டு. குளிர்நாட்டு மான் குறித்த பருவத்தில் இணைந்து, குறித்த பருவத்தில் குட்டி போடும். நடுவில் ஒரு சந்து கிடைக்கும். எங்கள் மரைக்கு அப்படிக் கறாரான பருவம் இல்லை, எந்த மாதமும் சினைப் பிணையும் பால்குடிக் குட்டியும் இருக்கும். சிறுத்தைக்கு இரை வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. சமவெளியில் கார் தரிப்பிடத்தருகே நிற்கும் மரைகளைப் பார்த்து மந்தை என்று கணக்கிடவேண்டாம். பாண் துண்டுக்குப் பழகியவை அவை. காட்டுக்குள் உள்ள மரையை அப்படிப் பார்க்கமுடியாது.

கேள்வி: பயிர்ப் பாதுகாப்புக்கு 12 போர் துப்பாக்கி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. என் தோட்டத்துக்குள் வந்த மரையைச் சுடலாமா? – விவசாயி, கந்தப்பளை

பதில்: கூடாது. துப்பாக்கி வைத்திருக்கக் கிடைத்த அனுமதி பாதுகாக்கப்பட்ட விலங்கைக் கொல்லக் கிடைத்த அனுமதி அல்ல. பன்றி நிலைமை வேறு, அதையும் வனசீவராசிகள் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிட்டே செய்யுங்கள். வெறும் வெடிச்சத்தத்தால் விரட்டுவது ஓரிரு இரவுக்குத்தான் பலிக்கும். பத்திரத்தை வருடந்தோறும் புதுப்பிக்க மறந்தால் அதுவும் உங்கள் தலையில்தான் விழும்.

கேள்வி: சரி, சுடக்கூடாது. லீக்ஸையும் கோவாவையும் எப்படிக் காப்பது? வேலி போட்டும் தாண்டிவிடுகிறது. – விவசாயி, வெலிமடை

பதில்: நான்கடி வேலி மரைக்கு வாசற்படி. ஒற்றை வேலியானால் எட்டடி வேண்டும். அவ்வளவு கம்பிக்குக் காசில்லையென்றால் இரண்டு வேலி: நாலரை அடி உயரத்தில் ஒன்று, நாலைந்து அடி தள்ளி அதே உயரத்தில் இன்னொன்று. மான் இனம் உயரத்தைத் தாண்டும், உயரமும் அகலமும் சேர்ந்து வந்தால் தயங்கும். விழுந்து நிற்க இடமில்லாத நடுச்சந்துக்குள் குதிக்காது. நடுவில் புல்லை வெட்டி வையுங்கள், உள்வேலி அதன் கண்ணுக்குத் தெரியவேண்டும். பழைய மீன்வலையை மட்டும் கட்டவேண்டாம். கொம்பில் சுற்றிக்கொண்டால் 200 கிலோ மிருகம் வேலியையே பிடுங்கிக்கொண்டு போகும்.

மின்வேலி போடுவதானால் அதற்கென்று செய்த எனர்ஜைசர் பெட்டி, 12 வோல்ட் பற்றரி, சூரியத் தகடு. ஒரு ஏக்கருக்கு உட்பட்ட தோட்டத்துக்கு 1 ஜூல் பெட்டி போதும். அது செக்கனுக்கு ஒருமுறை ஒரு துடிப்பை அனுப்பும். அடி பலமாக இருக்கும், ஆளைக் கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது கொலைக்கருவி, சட்டவிரோதமும்கூட. அதில் அதிகம் சாவது பன்றி அல்ல, விடியக்காலையில் தண்ணீர் திருப்பப் போகும் மனிதர்.

கம்பிகள் நிலத்திலிருந்து 8, 18, 30 அங்குலத்தில் பன்றிக்கு. 45, 60, 78 அங்குலத்தில் மரைக்கு. மின்வேலி வேலைசெய்யவில்லை என்று வருபவர்களில் அநேகருக்குப் பழுது பெட்டியில் இல்லை, எர்த்தில், அதாவது பெட்டியை மண்ணோடு இணைக்கும் கம்பியில். ஒரு முழம் கம்பியைக் குத்திவிட்டுப் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். நாகம் பூசிய ஆறடிக் கம்பி மூன்று, பத்தடி இடைவெளியில், முழுவதும் மண்ணுக்குள் போகவேண்டும். நுவரெலியாப் பக்கம் பெப்ரவரி, மார்ச் வறட்சியிலும், உங்கள் வெலிமடைப் பக்கம் ஜூலை, ஓகஸ்ட் காற்றுக் காலத்திலும் மண் காய்ந்து எர்த் செத்துவிடும். கம்பியடியில் வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். வேலியின் கடைசி முனையில் மீற்றர் வைத்துப் பார்த்தால் 5,000 வோல்ட் காட்டவேண்டும். 3,000க்குக் கீழே இறங்கினால் எங்கோ புல் தொடுகிறது, கீழ்க்கம்பியை நடந்து பாருங்கள். மரையின் தடித்த உரோமத்தில் அடி ஏறாது, மூக்கால் தொட்டால்தான் பாடம் படிக்கும். அமெரிக்கத் தோட்டக்காரர்கள் இதற்காகவே அலுமினியத் தாளில் நிலக்கடலை விழுது பூசிக் கம்பியில் தொங்கவிடுவார்கள். முதல் இரவிலிருந்தே மின்சாரம் ஓடவேண்டும். கம்பியைக் கட்டிவிட்டு ஒரு கிழமை கழித்துப் பெட்டி வாங்கினால், அதற்குள் மரை ஊடே நுழையப் பழகியிருக்கும்.

கேள்வி: எங்கள் தேயிலை மலையின் ஓரத்தில் பன்றிக்குச் சுருக்கு வைக்கிறார்கள். சத்தமில்லை, செலவில்லை, துப்பாக்கியைவிட மேல் என்கிறார்கள். சிறுத்தை மாட்டினால் நாங்கள் என்ன செய்வது? – தோட்டத் தொழிலாளி, மஸ்கெலியா

பதில்: இந்தப் பக்கத்தில் பேசிய எல்லா ஆயுதங்களிலும் மோசமானது இதுதான். வில்லோ ரைஃபிளோ, பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். இது பிணை, இது குட்டி, இது நமக்கு வேண்டாதது என்று கையை எடுக்கலாம். மோட்டார்சைக்கிளின் பிரேக் கேபிளில் செய்த சுருக்குக்கு மூடுகாலம் கிடையாது. வைத்தவர் மறந்தாலும் அது இறுகும்.

பன்றிக்கென்று வைத்தது சிறுத்தையை எப்படிப் பிடிக்கிறது? சிறுத்தை தலையையும் முன்கால்களையும் சுருக்குக்குள் விட்டுத் தாண்டிவிடும். மெலிந்த இடுப்பில் கம்பி இறுகும். முன்னால் பாயப் பாய வயிற்றை அறுக்கும். வெளியே காயம் சிறிதாகத் தெரியும், உள்ளே குடலும் சிறுநீரகமும் கெட்டிருக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணியில் சிக்கிய கறுஞ்சிறுத்தை உயிரோடு மீட்கப்பட்டு உடவளவைக்குக் கொண்டுபோகப்பட்டும் சில நாட்களில் இறந்தது.

கண்டவுடன் 1992க்கு அழையுங்கள், வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர எண் அது. கிடைக்காவிட்டால் பொலிஸ் 119. தோட்டத்தின் பெயர், பிரிவு, மலை இலக்கம், வண்டி வரக்கூடிய பாதை, இவ்வளவையும் முதலிலேயே சொல்லுங்கள். பிறகு ஆட்களை நூறு மீற்றராவது விலக்குங்கள், நாய்களைக் கட்டுங்கள், கைபேசியில் படமெடுக்க யாரையும் கிட்ட விடாதீர்கள். ஒவ்வொரு முறை ஆள் நெருங்கும்போதும் மிருகம் பாயும், கம்பி இன்னொரு அரை அங்குலம் உள்ளே போகும். மயக்க ஊசி பிடிக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம், சத்தம் இருந்தால் இன்னும் தாமதமாகும். கம்பியை நீங்கள் வெட்டவே கூடாது: அறுந்த சிறுத்தை உங்கள்மேல் பாயும், அல்லது இடுப்பில் கம்பியோடு காட்டுக்குள் போய்ச் சாகும்.

வெறும் சுருக்கைக் கண்டால் இடத்தை அடையாளம் வைத்துப் படமெடுத்து அதே 1992க்குச் சொல்லுங்கள். சுருக்கு ஒன்றாக இருப்பது அரிது. வேலிச்சந்து, கானோரம், காட்டு விளிம்பில் இரண்டு பக்கமும் குச்சி நட்டு வழியை ஒடுக்கியிருக்கும் இடம், இவற்றை அதிகாரிகளோடு சேர்ந்து வரிசையாகப் பாருங்கள். எடுக்கும்போது வளையத்தை மட்டும் அவிழ்க்காமல், மரத்தில் கட்டிய முனைவரை முழுக் கேபிளையும் கழற்றிக் கையளியுங்கள். அடிமரத்தில் சுற்றியிருக்கும் ஒரு முழத் துண்டே அடுத்த சுருக்குக்குப் போதும்.